தெரிந்த சொல்தான் கவிழ்க்கும்: ராமநாதபுரம் கடற்கரைப் பாட்டுகளில் பழஞ்சொல் பிடிக்க ஒரு வழிகாட்டி

இந்த மாவட்டத்துக்கு வேலை மாற்றலாகி வந்த முதல் வருடம். தனுஷ்கோடிச் சாலையில் ஒரு காலை, கரைவலை இழுப்பதைப் பார்க்க வண்டியை நிறுத்தினேன். இருபது பேர் இருப்பார்கள். ஒரு பெரியவர் முன்னடி எடுத்துப் பாட, மற்றவர்கள் ஐலசா என்று முடித்து ஓர் இழுப்பு இழுத்தார்கள். பாட்டில் ‘மடி’ என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. மடி நிறைய வேண்டுமாம், மடி கிழியக் கூடாதாம். நான் ஈரோட்டுப் பக்கத்து ஆள். பிள்ளை வரம் கேட்கிற பாட்டு என்று முடிவுகட்டி நோட்டில் எழுதிக்கொண்டேன். பக்கத்தில் ‘மிக உருக்கம்’ என்று ஒரு குறிப்பு வேறு.

அரை மணி நேரம் கழித்து வலையின் கடைசிப் பகுதி கரையேறியது. நீளப் பை மாதிரி, உள்ளே மீன் துள்ள, மணலை அரைத்துக்கொண்டு வந்தது. “மடி வந்திருச்சு, மடி வந்திருச்சு” என்று பையன்கள் ஓடினார்கள். அந்தப் பைக்குப் பெயர்தான் மடி.

‘மிக உருக்கம்’ இன்னும் அந்த நோட்டில் இருக்கிறது. அடித்துவிடவில்லை. புதிதாக வந்து பாட்டுச் சேகரிக்கிறேன் என்று சொல்லும் யாருக்கும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் காட்டுவேன். தெரியாத சொல் வந்தால் நாமே நின்று யாரையாவது கேட்போம், அதனால் ஆபத்தில்லை. தெரிந்த சொல் வந்தால் நிற்பதே இல்லை, தலையை ஆட்டிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவோம். கவிழ்வது அங்கேதான். கீழே வரும் படிகள் பெரும்பாலும் அந்த இடத்தில் நம்மை நிறுத்தி வைப்பதற்கானவை.

முதலில், எந்தக் கரை?

ராமநாதபுரத்துக்குக் கடல் ஒன்றல்ல, இரண்டு. வடக்கே தொண்டி, நம்புதாளை, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் எல்லாம் பாக் நீரிணையைப் பார்த்த ஊர்கள். தெற்கே வேதாளை, பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் மன்னார் வளைகுடாவைப் பார்த்தவை. மண்டபத்துக்கும் ராமேசுவரம் தீவுக்கும் இரு பக்கமும் கடல். பெரும்பாலும் அமைதியாகக் கிடக்கும் வடக்குக் கடலைப் பெண்கடல் என்றும், அலையடிக்கும் தெற்குக் கடலை ஆண்கடல் என்றும் தீவில் சொல்வார்கள். பாட்டில் ‘பெண்கடல்’ வந்தால் உவமை என்று எழுதிவிடாதீர்கள். பல நேரம் அது வெறும் முகவரி.

நோட்டில் பாட்டுக்கு மேலே ஊர்ப் பெயரை எழுதுங்கள். அதன் கீழே, என்ன வகைப் பாட்டு என்று ஒரு சொல்: வலை இழுக்கும்போது பாடும் அம்பாவா, தாலாட்டா, ஒப்பாரியா, கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் பாடும் முனாஜாத்தா, கண்டிச் சீமைக்கு, அதாவது இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களை நினைத்துப் பாடியதா. இது போதும். ‘மடி’ தாலாட்டில் வந்தால் மடிதான், அம்பாவில் வந்தால் வலை. ‘முனாஜாத்து’ என்றால் இறைவனிடம் இறைஞ்சும் பாட்டு. அதோடு ‘கிஸ்ஸா’ என்று கேட்டால் கதைப்பாட்டு, ‘மசலா’ என்றால் கேள்வியும் பதிலுமாக வருவது. நம் வீட்டு மசாலாவோடு அதற்குச் சம்பந்தமில்லை.

காதில் விழுந்ததை அப்படியே எழுதுங்கள்

படித்தவர்களுக்கு இதுதான் கஷ்டம். கை தானாகத் திருத்தும். தென்பகுதிப் பேச்சில் ழகரம் ளகரமாக விழும், ‘ற்ற’ ‘த்த’ ஆகும். ‘வத்தம்’ என்று கேட்டதை ‘வத்தம்’ என்றே எழுதுங்கள். பிறகு வீட்டில் உட்கார்ந்து, அது ‘வற்றம்’, கடல் உள்வாங்கும் நேரம் என்று கண்டுபிடித்துக்கொள்ளலாம். அங்கேயே ‘வருத்தம்’ என்று திருத்திவிட்டால் கதை முடிந்தது.

நான் திருத்திக் கெடுத்தவை சில. ‘சோளகம்’ என்று காதில் விழுந்ததைச் சோளம் ஆக்கி, கடல் பாட்டில் தானியம் எப்படி வந்தது என்று ஒரு வாரம் யோசித்தேன். அது சோழகம், தெற்கிலிருந்து வரும் காற்று. ‘ஆஞ்சான்’ என்பதை ‘அஞ்சான்’ என்று எழுதி வீரனைத் தேடினேன். அது பாயை ஏற்றும் கயிறு. ‘சம்மாட்டி’யைச் சம்மட்டி ஆக்கினேன். சம்மட்டி கொல்லன் கையில் இருப்பது. சம்மாட்டி என்றால் படகுக்கோ வலைக்கோ சொந்தக்காரர், கூட்டத்துக்குத் தலைவர். ஒரு நெடில் போனதில் முதலாளி இரும்பாகிவிட்டார்.

கைப்பேசியில் பதிவு செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கடற்கரைக் காற்றில் பாதிப் பதிவு ‘புர்ர்’ என்றுதான் இருக்கும். நோட்டும் பென்சிலும் காற்றைப் பொருட்படுத்தாது.

ஏலேலோவுக்கு அர்த்தம் தேடாதீர்கள்

புதிதாக வரும் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான்: ஏலேலோ என்றால் என்ன, ஐலசா என்றால் என்ன?

பாட்டு முழுக்கச் சொற்களால் ஆனதில்லை. சில ஓசைகள் வேலைக்காக வருகின்றன. கரைவலையில் கவனித்துப் பாருங்கள். முன்னடி பாடும்போது ஆள்கள் மூச்சு வாங்கிக் கயிற்றில் பிடியை மாற்றிக்கொள்கிறார்கள். ‘ஐலசா’வில் குதிகால் மணலில் புதைகிறது, உடம்பு பின்னால் சாய்கிறது, கயிறு ஒரு முழம் வருகிறது. யாராவது முந்தி இழுத்தாலும் பிந்தி இழுத்தாலும் அந்த முழம் வராது. ஐலசாவின் அர்த்தம் அந்த முழம்தான்.

வள்ளுவர் காலத்தில் ஏலேலசிங்கன் என்று ஒரு கடல் வணிகர் இருந்தார், அவர் பெயரைச் சொல்லித்தான் படகோட்டிகள் பாடுகிறார்கள் என்று ஒரு கதை நெடுங்காலமாக வழங்குகிறது. நல்ல கதை, நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ‘கதை’ என்ற தலைப்பின் கீழ் எழுதுங்கள், ‘பொருள்’ என்ற தலைப்பின் கீழ் வேண்டாம். சினிமாப் படகுப் பாட்டில் வரும் ஏலேலோவை இதில் சேர்க்கவே வேண்டாம். அங்கே யாரும் எதையும் இழுப்பதில்லை.

அர்த்தம் கேட்காதீர்கள், கை என்ன செய்தது என்று கேளுங்கள்

இந்தப் படியைத்தான் நான் தாமதமாகக் கற்றேன். “அணியம்னா என்னங்கய்யா?” என்று கேட்டால், “அணியம்னா அணியந்தான்” என்று பதில் வரும். அவர் மேல் தப்பில்லை. உங்களிடம் யாராவது ‘தலையணை என்றால் என்ன?’ என்று கேட்டால் நீங்கள் மட்டும் என்ன சொல்வீர்கள்?

கேள்வியை மாற்றுங்கள். இதை எப்போது சொல்வீர்கள், யார் யாரிடம் சொல்வது, சொன்னதும் அவர் என்ன செய்வார். இந்த மூன்றும் கேட்டால் வாய் திறக்காதவரும் எழுந்து நின்று காட்டுவார்.

பாம்பனில் ஒரு பெரியவர் எனக்குப் பாய்ச் சொற்கள் முழுவதையும் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்தார். சின்ன வயதில் பாய்மரத் தோணியில் போனவர். படகுத்துறைச் சுவரில் உட்கார்ந்திருந்தோம். தோளில் கிடந்த துண்டை எடுத்தார். கைத்தடியைக் குறுக்கே வைத்துத் துண்டின் ஒரு விளிம்பை அதில் சுற்றினார்.

“இந்தா, இது பருமல். பாய் இதுல தொங்கும். இத மேல தூக்குற கயிறுதான் ஆஞ்சான். புடிங்க வாத்தியாரே.”

தடியை உயர்த்திப் பிடித்தேன். பக்கத்தில் கிடந்த நைலான் நரம்பை எடுத்து, கீழே தொங்கிய இரு முனைகளிலும் கட்டினார்.

“இங்கிட்டு தாமான், அங்கிட்டு கோசு. இப்ப காத்து எங்கிட்டிருந்து வருது?”

தெரியவில்லை என்றேன். என் முகத்தைப் பிடித்துத் திருப்பினார். இரண்டு காதிலும் ஒரே மாதிரி இரைச்சல் கேட்டால் நேர் எதிரே காற்று என்றார். கோசைக் கொஞ்சம் இழுத்தார். துண்டு ‘படக்’ என்று புடைத்துக்கொண்டது. தளர்த்தினார், தொங்கிப்போனது. “கோசை விடுன்னு பாட்டுல வந்தா இதுதான்” என்றார். அதுவரை என் நோட்டில் கோசு, காய்கறிக் கடைக் கோசாகவே இருந்தது.

அணியம் என்பது படகின் முன்பக்கம். அமரம் பின்பக்கம், திசை திருப்பும் இடம். ‘அமரத்தைப் பிடி’ என்று பாட்டில் வந்தால் உட்கார்வதோடும் அமரர்களோடும் முடிச்சுப் போடாதீர்கள். பலகை இடுக்குகளில் பஞ்சும் எண்ணெயும் அடைத்து நீர் புகாமல் செய்வது கலப்பத்து. படகு செய்யும் தச்சர் ஓடாவி. இவை எல்லாமே கைவேலைச் சொற்கள். கை நின்றுவிட்டால் சொல்லும் மெல்ல நின்றுவிடும். பாய் போய் இஞ்சின் வந்த பிறகு ஆஞ்சானுக்குப் பாட்டைத் தவிர வேறு இடமில்லை.

காற்றுச் சொற்களுக்கு ஒரு நாள் முழுதாக ஒதுக்குங்கள்

கடல் பாட்டில் பாதி காற்றுதான். ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எளிது: காற்றின் பெயர் அது வரும் திசையைச் சொல்லும், போகும் திசையைச் சொல்லாது.

வாடை வடக்கிலிருந்து வருவது, ஐப்பசி தொடங்கித் தை வரை அதன் ஆட்சி. கொண்டல் கிழக்கு. கச்சான் மேற்கு, தென்மேற்கு. சோழகம் தெற்கு. ஊருக்கு ஊர் இந்த எல்லைகள் கொஞ்சம் நகரும், கச்சானும் சோழகமும் சில இடங்களில் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதனால் கேட்ட ஊரிலேயே, ‘கை நீட்டிக் காட்டுங்கண்ணே’ என்று கேட்டு, திசையை நோட்டில் அம்புக்குறியாகப் போட்டுக்கொள்ளுங்கள். பாடப்புத்தகத்தில் நாம் தென்றல் என்று கொஞ்சுகிற திசையின் காற்று, இங்கே சோழகம் என்ற பெயரில் வலையையும் கிழிக்கும்.

சோழகம் என்றதும் சோழர்களை இழுத்து வராதீர்கள். சோழநாடு நமக்கு வடக்கே இருக்கிறது, காற்றோ தெற்கிலிருந்து வருகிறது. வரும் திசையால்தான் பெயர் என்ற விதியை வைத்துப் பார்த்தாலே அந்த ஊகம் நிற்காது.

வாடையில் ஒரு பொறி உண்டு. ஊர்நாட்டில் வாடை என்றால் நாற்றம் அல்லது மணம். ‘வாடை அடிக்குது’ என்ற அடியை எந்தப் பக்கமும் எடுத்துக்கொள்ளலாம். முன்னால் பூ, மீன், கருவாடு என்று ஏதாவது ஒட்டியிருந்தால் மணம். ‘வாடை திரும்பிருச்சு’, ‘வாடைக்கு முந்தி’ என்று காலத்தோடு வந்தால் காற்று. கச்சானிலும் உண்டு. இலங்கைத் தமிழில் கச்சான் என்றால் வேர்க்கடலை. மண்டபம் பக்கம் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. கடையில் ஒருவர் கச்சான் கேட்டால் அவர் காற்றைக் கேட்கவில்லை.

இனி, முதலில் ஊர்ப் பெயர் எழுதச் சொன்னேனே, அதற்கு வருகிறேன். வாடைக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கம் கடல் கொந்தளிக்கும், மன்னார் வளைகுடாப் பக்கம் நிலம் மறைத்து நிற்பதால் ஒதுக்காக இருக்கும். கச்சான் காலத்தில் அப்படியே தலைகீழ். மண்டபம் பகுதி மீனவர்கள் காலம் பார்த்துக் கரை மாற்றித் தொழில் செய்வது இதனால்தான். ஆகவே ‘வாடை வந்தாச்சு’ என்ற ஒரே அடி தொண்டியில் பாடினால் கவலை, வேதாளையில் பாடினால் நிம்மதி. சொல்லும் ஒன்று, அகராதிப் பொருளும் ஒன்று, பாடுபவர் முகம் வேறு. எந்தக் கரை என்று தெரியாமல் பாட்டுக்கு ‘சோகம்’, ‘மகிழ்ச்சி’ என்று அடைமொழி எழுதுவது வீண்.

காற்று மேலே, நீவாடு கீழே. நீவாடு என்றால் கடலின் நீரோட்டம். வாடைப் பக்கமிருந்து வருவது வாநீவாடு, சோழகப் பக்கமிருந்து வருவது சோநீவாடு. வாயில் சுருங்கிச் சுருங்கி இப்படி ஆன சொற்கள் அகராதியில் உடனே கிடைக்காது. உடைத்துப் பார்க்கப் பழக வேண்டும்.

தெரிந்த முகம், வேறு ஆள்

உதாரணத்துக்கு நானே ஓர் அடி கட்டுகிறேன். எந்தப் பாட்டிலும் இது இல்லை, கரைவலைப் பெரியவர் கேட்டால் சிரிப்பார்:

வாடையில பாடு இல்ல, பாருல போனா வலை இல்ல.

நகரத்துக் காது இதை எப்படிக் கேட்கும்? நாற்றத்தில் பாட முடியவில்லை, உலகத்தில் வலை இல்லை. ஏதோ தத்துவம் மாதிரிகூட இருக்கிறது. கடற்கரைக் காதுக்கு: வடகாற்றுக் காலத்தில் மீன் கிடைக்கவில்லை, கடலடிப் பாறைத் திட்டுக்கு மேல் போனால் வலை கிழிந்துபோகும். பாடு என்றால் மீன் கிடைப்பது, மீன்பாடு. வலை விடும் இடத்துக்கும் முறைக்கும்கூடப் பாடு என்று பெயர். பழவேற்காட்டில் முறைவைத்து மீன்பிடிக்கும் ஏற்பாட்டுக்கே பாடு என்றுதான் சொல்கிறார்கள். தனுஷ்கோடிப் பக்கம் கம்பிப்பாடு என்று ஊரே இருக்கிறது. பார் என்றால் கடலடியில் பாறைபட்ட மேட்டு நிலம், முத்துச்சிப்பி விளையும் இடம் முத்துப்பார். ‘பாறை’ என்று வந்தாலோ அது பெரும்பாலும் மீன். வாவலும் மீன்தான், வௌவால் இல்லை. ஓங்கல் இலக்கியத்தில் மலை, கடலில் டால்ஃபின்.

தண்டல் எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் தண்டல் என்றால் தினம் வந்து வசூலிக்கும் வட்டிக்காரர். இங்கே தண்டல் தோணியை ஓட்டிப் போகும் தலைவர். ‘தண்டல் வாராரு’ என்ற அடியில் பயமா வரவேற்பா என்பது இதைப் பொறுத்தது.

முத்துச் சொற்கள் தனி உலகம். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. கீழக்கரைக் குளியாளிகள் பெயர்பெற்றவர்கள். தொழில் போனாலும் தரம் பிரிக்கும் பெயர்கள் தாலாட்டில் தங்கிவிட்டன. ஆணி, அனதாரி, மசகு, களிப்பு என்று அந்த வரிசை இறங்கும். ஆணிமுத்து என்றால் முதல் தரம். சுவரில் அடிக்கும் ஆணியும் இல்லை, ‘களிப்பு’ சந்தோஷமும் இல்லை. பிள்ளையை ‘ஆணிமுத்தே’ என்று கொஞ்சும் அப்பத்தாவுக்கு, உனக்கு மேல் தரம் கிடையாது என்று சொல்கிறோம் என்பது நன்றாகவே தெரியும். நமக்குத்தான் தெரிவதில்லை. அதே தொழிலில் கடல்கட்டி என்று ஒருவர் உண்டு. குளிப்பவர்களைச் சுறா நெருங்காமல் மந்திரித்துக் கட்டுபவர். அவர் இல்லாமல் ஆள்கள் கடலில் இறங்கத் தயங்கினார்கள். உடம்பில் வரும் கட்டியைத் தேடிப் போகாதீர்கள்.

மரிக்கொழுந்து கொண்டையில் வைக்கும் வாசனைத் தழை. சின்ன ஏர்வாடியிலோ பாம்பன் சின்னப்பாலத்திலோ பாசி எடுக்கும் பெண்களிடம் கேட்டால், இடுப்பளவு தண்ணீரைக் காட்டுவார்கள். ஜெல்லி மாதிரி உறைய வைக்கும் அகர் தயாரிக்கப் பயன்படும் ஒரு கடற்பாசிக்கு இங்கே மரிக்கொழுந்து என்று பெயர். விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி, பாறையிலிருந்து கிள்ளி எடுக்க வேண்டியது. ‘மரிக்கொழுந்து கிள்ளப் போனேன்’ என்று ஒரு பெண் பாடினால், தோட்டமா கடலா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். விரலில் வெட்டுத் தழும்பு இருந்தால் கேட்கவே வேண்டாம்.

கீழக்கரையில் ‘காக்கா’ என்றால் அண்ணன். ‘எங்க காக்கா கப்பல்ல போனாக’ என்று வந்தால் பறவையைத் தேடாதீர்கள். லாத்தா அக்கா. வாப்பாவும் உம்மாவும் உங்களுக்கே தெரிந்திருக்கும். இந்த முறைப்பெயர்களைப் பாட்டுக் கேட்கப் போகும் முன்பே பழகிக்கொள்ளுங்கள். அங்கே ஒரு பெரியவரை நீங்களே ‘காக்கா’ என்று கூப்பிட வேண்டி வரும், அப்போது உதட்டில் சிரிப்பு வரக் கூடாது.

கப்பலில் வந்த சொற்கள்

இந்தக் கரைக்கு அரபு மரக்கலங்களும் பறங்கிக் கப்பல்களும் டச்சுக்காரர்களும் வந்துபோனார்கள். சொற்களையும் இறக்கிவிட்டுத்தான் போனார்கள். சுக்கான் அரபுச் சொல். மாலுமியும் அரபு ‘முஅல்லிம்’ என்பதிலிருந்து வந்ததுதான். மதரசாவில் ஓதிக்கொடுப்பவரும் முஅல்லிம், அதே வேர். வழி தெரிந்தவர் என்று இருவரையும் ஒரே சொல்லால் கூப்பிட்டது எனக்குப் பிடித்த விஷயம். கப்பல் தலைவரைக் குறிக்கும் நகுதா பாரசீகம். மீன் விற்கும் ஏலம் போர்ச்சுக்கீசியர் விட்டுப் போனது, வீட்டுச் சாவியும் சன்னலும் அப்படித்தான். துட்டு டச்சுக் காசின் பெயர்.

இதில் ருசி கண்டுவிட்டால் ஒரு நோய் வரும்: எல்லாச் சொல்லுக்கும் வெளிநாட்டு வேர் தேடுவது. ஏலேலோவையும் ஏலத்தையும் இணைத்து ஒருவர் என்னிடம் அரை மணி நேரம் பேசினார். ஓசை ஒத்துப்போவது மட்டும் சான்றாகாது. பழைய அகராதி எதிலாவது அந்த வழி குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

அகராதியைக் கடைசியில் திறங்கள்

இரண்டு போதும். வின்ஸ்லோ அகராதி 1862இல் வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை தொகுதி தொகுதியாக வந்தது. இரண்டும் இணையத்தில் தேடக் கிடைக்கின்றன. இன்றைய கையகராதியில் இல்லாத கப்பல் சொற்கள் இவற்றில் ஆச்சரியப்படும் அளவுக்கு இருக்கின்றன. ஆஞ்சான், பருமல், அணியம், அமரம் எல்லாம் இருக்கும்.

தேடும்போது வாய்ச்சொல்லை எழுத்துச்சொல்லாக மாற்றி மாற்றிப் போடுங்கள். ‘த்த’வை ‘ற்ற’ ஆக்குங்கள், ளகரத்தை ழகரம் ஆக்குங்கள், குறிலை நெடிலாக்குங்கள். ஒரு சொல்லுக்கு ஐந்தாறு பொருள் வரிசையாக இருந்தால் முதல் பொருளோடு மூடிவிடாதீர்கள். கடல் பொருள் பெரும்பாலும் வரிசையின் கடைசியில் ஒளிந்திருக்கும். பெரியவர் காட்டியதும் அகராதி சொல்வதும் ஒத்துவராவிட்டால் இரண்டையும் எழுதுங்கள், பெரியவருடையதை முதலில்.

பாட்டுக்கு வயது சொல்ல வேண்டுமா?

சொற்கள் கொஞ்சம் உதவும். அணாக் கணக்கு 1957 ஏப்ரலில் போய் நயா பைசா வந்தது. ‘போட்டு மெயிலு’ என்று வந்தால், சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று ஓடிய போட் மெயில். 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததிலிருந்து 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது வரை அதன் காலம். கண்டிச் சீமைப் பாட்டில் ‘துண்டு’ வந்தால் தோளில் போடும் துண்டு என்று எண்ணிவிடாதீர்கள். இலங்கைத் தோட்டங்களில் தொழிலாளியின் கடனைக் குறித்து, அதைக் கட்டினால் ஆளை விடுவோம் என்று துரை எழுதிக்கொடுத்த சீட்டுக்குத் துண்டு என்று பெயர். கங்காணி கையில் இருந்த அந்தக் காகிதத்தில்தான் ஆள் கட்டுண்டு கிடந்தான். ‘துண்டு கிழிஞ்சா ஊரு வருவேன்’ என்று ஒருவன் பாடினால் அது ஏழ்மையின் கந்தல் துணி அல்ல, விடுதலைக் கனவு.

ஆனால் சொல் அந்த அடியின் வயதைத்தான் காட்டும், பாட்டின் வயதை அல்ல. பாடுபவர்கள் நேற்றைய சொல்லையும் செருகுவார்கள். பழைய மெட்டில் நைலான் வலையும் டீசல் விலையும் வருவதைக் கேட்டிருக்கிறேன். அதற்காகப் பாட்டு ‘கலப்படம்’ என்று முகம் சுளிக்க வேண்டாம். பாடுபவருக்கு அது அருங்காட்சியகப் பொருள் இல்லை.

போகும்போது

கரைவலைக்கு விடியற்காலையில் போங்கள். இழுத்து முடிக்கச் சில மணி நேரம் ஆகும், அவசரத்தில் போய்ப் பயனில்லை. இழுபடும் கயிற்றைத் தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள். பதிவு செய்யும் முன் கேளுங்கள். ஒப்பாரியைப் பாடிக் காட்டச் சொல்லி யார் வீட்டிலும் கேட்காதீர்கள், சாவு விழாத வீட்டில் அதைப் பாடுவது ஆகாது என்பார்கள். வெளியே, வேப்பமரத்தடியில், அவராகவே ஓரடி சொன்னால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

இன்னொன்று. அம்பாவில் பச்சையான அடிகள் உண்டு. நாலு ஆண்கள் மட்டும் இருக்கும்போது ஒரு சொல் வரும், பெண்களோ பிள்ளைகளோ பக்கத்தில் வந்தால் அதே இடத்தில் வேறு சொல் வரும். “அது வேணாம் வாத்தியாரே” என்று ஒருவர் சிரித்து மழுப்பினால் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு நாள் டீக்கடையில் அவராகவே சொல்வார், நீங்கள் காதைக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

மடி கரையேறியதும் பாட்டு நின்றுவிடும். அடுத்த நிமிடம் மணலில் மீனைக் கொட்டி ஏலம் தொடங்கும், ஒரு தரம், ரெண்டு தரம் என்று. அந்த நேரத்தில் நோட்டை எடுத்துக்கொண்டு யாரிடமும் போகாதீர்கள், ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஓரமாக நின்று, ஏலம் முடிந்த பிறகு கால் கிலோ சூடையாவது வாங்குங்கள். மீனை நிறுத்துக்கொண்டே, “என்னமோ எழுதிக்கிட்டு இருந்தீகளே, என்ன வாத்தியாரே அது?” என்று அவர்களே கேட்பார்கள்.